ஒன்பது சிவப்புக் கோடுகள்

எங்கள் ஆபீஸ் படியேறி வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள்: நான் செய்யவில்லை, அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அன்று மதியம் இரண்டு மணிக்கு வந்த பெண்மணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கிரீஸ் ஏறிய கைகளை மடியில் மறைத்துக்கொண்டு, வேறு ஒன்றைக் கேட்டார்.

"நான் செஞ்சேனா இல்லையானு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஆறு வருட சர்வீசில், தன் மேலேயே துப்பறியச் சொல்லி வந்த கட்சிக்காரர் இவர்தான் முதல். பாஸ் மட்டும் அசையவில்லை. பாஸ் என்றால் தொப்பியும் புகைக்குழாயும் வைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. விபத்து இழப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் மற்றவர்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்து, வேலையை விட்டுவிட்டு இந்தத் துப்பறியும் ஆபீசைத் திறந்தவர். உதவியாளன் நான். பைல் தூக்குவது, கார் ஓட்டுவது, திட்டு வாங்குவது ஆகிய மூன்று பதவிகளும் எனக்கே.

வந்தவர் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சைக்கிளில் சின்ன இன்ஜின் பூட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை மெக்கானிக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருடைய தம்பி, கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்த மாதிரிகளை வாங்கி, பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். முந்தாநாள் சாயங்காலம் பாலத்திலிருந்து இறங்கும்போது அவருடைய இன்ஜின் சைக்கிளின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. தலையில் அடி. இன்னும் கண் திறக்கவில்லை.

வண்டியின் அமைப்பை எனக்குப் புரிகிற மாதிரியே அவர் விளக்கினார். பின்சக்கரத்தின் இடது பக்கத்தில் ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரம் இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் செயின் அதில் ஓடும். சைக்கிள் சக்கரத்தில் அதைப் பூட்டத் தனியாக இடம் கிடையாது. ஆகவே ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் வட்டு, அந்தப் பக்கம் ஒரு ரப்பர் வட்டு வைத்து, கம்பிகளை நடுவில் நெருக்கி, ஒன்பது போல்ட் போட்டு முறுக்குவார்கள். பிடி இளகினால் பல்சக்கரம் ஆடும். ஆடினால் செயின் கழலும். கழன்ற செயின் கம்பிக்குள் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வண்டிதான் நிற்கும், ஓட்டுகிறவர் போய்க்கொண்டேயிருப்பார்.

"இளகியிருந்ததா?" என்று பாஸ் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆட்டிப் பார்த்தாராம், கடகடவென்று ஆடியதாம். அதைவிட மோசமான செய்தி ஒன்று இருந்தது. மெக்கானிக் அக்கா ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் முனைக்குச் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது வழக்கம். நட் தானாகத் திரும்பினாலும், யாராவது கழற்றினாலும், கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஊரில் வேறு எந்தக் கடையிலும் இந்த வேலை கிடையாது. இப்போது அந்த ஒன்பது கோடும் இம்மி விலகாமல் அப்படியே இருக்கின்றன. அப்படியானால் யாரும் தொடவில்லை. தொடாமலே ஆடுகிறது என்றால் முறுக்கியவர் ஒழுங்காக முறுக்கவில்லை. போதாததற்குத் தம்பியின் மனைவி, அந்தச் சக்கரத்தைக் கடைசியாக மாட்டியது என் நாத்தனார்தான் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்கு.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி முறுக்கினேன் மேடம். நல்லா முறுக்கினேன்னு கை சொல்லுது. கோடு வேற மாதிரி சொல்லுது," என்றார். "ஜெயிலுக்குப் போறதுல ஒண்ணும் இல்லை. என் தம்பியை நானே கீழ தள்ளினேனானு எனக்குத் தெரியணும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பாஸ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார், நான் கார் சாவியைத் தேடினேன்.

*

கடை சின்னது. சுவர் முழுக்க ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. இரும்பு மேஜையின் ஓரத்தில் ஒரு ஸ்பேனர் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் தலையை அதில் மாட்டிவிட்டால் அது பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் ஒரே கையால் நட்டை முறுக்கலாம். தனி ஆளாகத் தொழில் பார்க்கிறவருக்கு இரண்டாவது கை அதுதான். இரும்பால் செய்த உதவியாளன் என்று பாஸ் பாராட்டினார். திட்டினாலும் பதில் பேசாது என்று என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

மெக்கானிக் அக்கா முறுக்கிக் காட்டினார். முதல் நட்டை முறுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகவில்லை. இரண்டைத் தாண்டி நாலாவதுக்குப் போனார், அங்கிருந்து ஏழாவதுக்கு, அப்புறம்தான் திரும்பி வந்து இரண்டாவதைத் தொட்டார். வரிசையாக முறுக்கிக்கொண்டே போனால் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் பிதுங்கிவிடுமாம். பேசிக்கொண்டே செய்தார். கண் எங்கள் மேல் இருந்தது, கை தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அந்த விரல் முட்டிகளில் பழைய தழும்புகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஸ்பேனர் வழுக்கினால் முட்டி போய் இரும்பில் இடிக்கும் என்றார்.

பாஸ் சுவரில் தொங்கிய ஒரு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பல்சக்கரம் இருந்தது, ஒன்பது நட்டும் முறுக்கியிருந்தது, ஆனால் சிவப்புக் கோடு இல்லை. "நாளை" என்று எழுதிய அட்டை ஒன்று கம்பியில் செருகியிருந்தது.

மறந்துவிட்டார் போலிருக்கிறது, இப்படித்தான் தம்பி வண்டியிலும் நடந்திருக்கும் என்று நான் கேஸை அங்கேயே முடித்து வைத்தேன். பாஸ் என் பக்கம் திரும்பவேயில்லை.

"இதுல ஏன் கோடு இல்லை?"

"முதல் நாள் போடமாட்டேன். புது ரப்பர் ஒரு நாள் ஓடினா உட்காரும், நட் திரும்பாமலே பிடி விட்டுடும். ஓட்டிட்டு மறுநாள் கொண்டு வருவாங்க, ரெண்டாவது தடவை முறுக்குவேன். அதுக்கு அப்புறம்தான் கோடு."

இது யாருக்கெல்லாம் தெரியும் என்று பாஸ் விசாரித்தார். மறுநாள் வரவேண்டும் என்பது வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். கோடு எப்போது போடுகிறேன் என்று யார் நின்று பார்க்கப்போகிறார்கள் என்றார். தம்பி வண்டியில் எத்தனை பல் சக்கரம் என்றும் பாஸ் கேட்டார். நாற்பத்திநாலு, பாலம் ஏற அதுதான் தோது என்று பதில் வந்தது. வேறு அளவு வேண்டும் என்று யாராவது எப்போதாவது கேட்டார்களா என்று கேட்டபோது, மெக்கானிக் அக்கா ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். இல்லை என்றார்.

கிளம்பும்போது பாஸ் அந்த "நாளை" சக்கரத்தை இரவல் கேட்டார். தூக்கிக்கொண்டு நடந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

*

ஸ்டேஷன் பின்முற்றத்தில் அந்தச் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில் கோணியிருந்தது, மாதிரிப் பெட்டியின் மூடி பிளந்திருந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். பத்து நிமிடம் தருவதாகச் சொல்லிவிட்டு, பத்து நிமிடமும் எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். வண்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவோம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பல்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். ஒன்பதும் ஒன்பதாகவே இருந்தன. மெக்கானிக் அக்காவின் கதை முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது, சொன்னால் வருத்தமாக இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"பல்லை எண்ணு," என்றார் பாஸ்.

ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் போட்டு எண்ணினேன். முப்பத்தாறு வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்படி என்று பாஸுக்குத் தெரியும், இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். மறுபடியும் முப்பத்தாறு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கருப்பு இரும்புத் தட்டு, சுற்றிலும் பற்கள், அவ்வளவுதான். முந்தாநாளிலிருந்து போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் அதை ஆட்டிப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எட்டுப் பல்லைக் காணோம், எந்த டாக்டர் பிடுங்கினார் என்று தேடலாமா என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பாஸ் குனிந்து ரப்பரைப் பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, எதிர்ப்பக்கம் உதடு மாதிரி பிதுங்கியிருந்தது.

"சின்னச் சக்கரம் மாட்டினா என்ன ஆகும்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"வேகமா போகும். மேடு ஏற மூச்சு முட்டும். அதுக்கு என்ன? அந்த அம்மாவே மாத்தியிருக்கலாமே."

பாஸ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மெக்கானிக் அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் நீங்கள் மாட்டியது எத்தனை பல் என்று பாஸ் மறுபடி கேட்டார். நாற்பத்திநாலு என்றது போன்.

"இங்க இருக்கறது முப்பத்தாறு."

அந்தப் பக்கம் கடைச் சுவரில் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது மட்டும் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தபோது குரல் வந்தது, நிதானமாக, படித்து ஒப்பிப்பது போல.

"நான்தான் மாட்டினேன். முந்தாநாள் காலையில. மறந்துட்டேன். சரியா முறுக்காம கோடு போட்டுட்டேன். இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருந்தா எழுதிக்கச் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு வந்து கையெழுத்துப் போடறேன்."

போன் அணைந்தது. இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்துக் கைகளை விரித்தார். அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் "செஞ்சேனா இல்லையா" என்று கேட்டு வந்தவர், இப்போது செய்தேன் என்கிறார். கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்குத் தாவினால் துப்பறிகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பது?

"பொய்," என்றார் பாஸ், காரில் ஏறியதும். "மாட்டின அன்னிக்கே கோடு போடற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது. காலையில மாட்டி, சாயங்காலம் விழுந்த வண்டியில கோடு இருக்குன்னா, அது வேற யாரோ போட்ட கோடு."

"யாரோன்னா எதிரியா?"

"எதிரிக்காக யாராவது ஜெயிலுக்குப் போவாங்களா? யோசிச்சு ஓட்டு. மணி நாலு பத்து."

யோசித்தால் ஓட்ட வராது, ஓட்டினால் யோசிக்க வராது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன்.

*

தம்பியின் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கட்டோடு அவள் கணவர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும் அவளுக்கு. இரண்டு நாளாக அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார்.

நாத்தனாருக்கும் இவளுக்கும் சொத்துத் தகராறு இருக்கும், அதைத் தோண்டலாம் என்று நான் ஒரு பட்டியலே தயாராக வைத்திருந்தேன். பாஸ் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணவரின் வேலையைப் பற்றிச் சாதாரணமாக விசாரித்தார். மாதிரிகள் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் கெட்டுவிடும். போன வாரம் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவை ஆனால் வரவேண்டாம் என்று பரிசோதனைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வலது கை விரல் முட்டிகளில் இரண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றாள். அடுப்பு சுட்டால் விரல் நுனியில்தானே சுடும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் மெக்கானிக் அக்காவின் தழும்பு விழுந்த கைகள் ஞாபகத்துக்கு வந்தன. பாஸைப் பார்த்தேன். அவர் அதை எப்போதோ பார்த்துவிட்டார்.

"உங்க நாத்தனார் ஒத்துக்கிட்டாங்கம்மா," என்றார் பாஸ். "சின்ன ஸ்ப்ராக்கெட்டை மாட்டினது, சரியா முறுக்காம விட்டது, கோடு போட்டது, எல்லாம் நான்தான்னு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து."

அவள் திரும்பினாள். பாஸ் எழுந்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

லிப்டுக்குள் எனக்குக் கோபம் பொங்கியது. கையில் மாட்டிய மீனை யாராவது தண்ணீரில் விடுவார்களா, இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள் என்று கத்தினேன். பாஸ் லிப்ட் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம உடைச்சா அது நம்ம வாக்குமூலம். அவளா வந்து சொன்னாத்தான் அவ வாக்குமூலம்."

வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பாஸ் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். பாஸுக்கும் தெரியாது என்று எனக்குப் புரிந்தபோது பயம் பிடித்துக்கொண்டது.

*

ஐந்து மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே மெக்கானிக் அக்கா உட்கார்ந்திருந்தார். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். எழுதி முடித்த காகிதம் அவர் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

பாஸ் நான் தூக்கி வந்த சக்கரத்தை வாங்கி அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தார். இன்ஸ்பெக்டரின் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது.

"ஒரே ஒரு வேண்டுகோள் சார். அந்த வண்டியில ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கு. இவங்க அதை எப்படி முறுக்கினாங்கன்னு இதுல முறுக்கிக் காட்டட்டும். அப்புறம் கையெழுத்துப் போடட்டும்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பாஸ் நட்டுகளைத் தளர்த்தினார். மறுபக்கம் போல்ட் தலையை ஸ்பேனர் வைத்துப் பிடிக்கச் சொல்லி என்னிடம் சொன்னார். மேஜையில் பற்றவைத்த இரும்பு உதவியாளனுக்குப் பதில் நான்.

மெக்கானிக் அக்கா ஸ்பேனரை எடுத்தார். என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வரிசையாக முறுக்கவேண்டும், அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும். முதல் நட்டை முறுக்கினார். இரண்டாவதில் ஸ்பேனரைக் கொண்டுபோனார், அங்கே கை தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை முறுக்கினார். அடுத்த நொடி ஸ்பேனர் ஐந்தாவதில் போய் உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு மூன்றாவதுக்கு இழுத்து வந்தார். மூன்றாவதை முறுக்கியதும் கை நேராக ஆறாவதுக்குப் போனது.

மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் தாண்டியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. வருடக்கணக்காக ஒரே வேலையைச் சரியாகச் செய்த கை, ஒரே ஒரு தடவை தப்பாகச் செய் என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. குற்றத்தை ஒத்துக்கொள்ள வந்த ஒருத்தர் அந்தக் குற்றத்தைச் செய்து காட்டத் தெரியாமல் திணறுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜோக் எதுவும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"யாரைம்மா காப்பாத்தறீங்க?"

"யாரையும் இல்லை. நான்தான் செஞ்சேன்," என்றார் அவர்.

"இல்லை சார். அண்ணி செய்யலை."

வாசலில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடியே வந்திருக்கவேண்டும், மூச்சு வாங்கியது. மெக்கானிக் அக்கா எழுந்து, நீ அங்கே போய் உட்கார், இங்கே உனக்கு என்ன வேலை என்று அதட்டினார். அவள் கேட்கவில்லை. நேராக வந்து ஸ்பேனரை நாத்தனார் கையிலிருந்து வாங்கி, முதல் நட்டை முறுக்கினாள். அடுத்தது இரண்டாவது. அடுத்தது மூன்றாவது. மேஜை விளிம்பைத் துணியால் சுற்றித் துடைப்பது போல வரிசையாக வந்தாள். நாலாவதில் ஸ்பேனர் வழுக்கி, பிளாஸ்திரி போட்ட முட்டி மறுபடி இரும்பில் இடித்தது. வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பிடித்திருந்த சக்கரத்தில் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் பிதுங்கிக்கொண்டு வந்தது.

"முந்தாநாள் காலையில, எங்க வீட்டுச் சமையலறையில," என்றாள். "அவர் அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டார். நான் இந்தப் பக்கம் முறுக்கினேன்."

பிறகு எல்லாம் தானாக வந்தது. மூன்றாவது தாமதத்துக்குப் பயந்து அவர் சின்னச் சக்கரத்தை எங்கிருந்தோ வாங்கி வந்தார். தினமும் அக்காவின் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். கோடு இல்லாவிட்டால் அக்கா கண்ணில் பட்டுவிடும். அதனால் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒன்பது கோடும் அவரே போட்டார். மறுநாள் காலையில் இன்னொரு தடவை முறுக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில், கடைசியாக யார் மாட்டியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது அவள் பயந்துபோனாள். வாயில் வந்தது அண்ணி என்ற வார்த்தை. அப்புறம் அதைத் திரும்ப வாங்கத் தைரியம் வரவில்லை.

அக்காவின் கண்ணை ஏமாற்றப் போட்ட கோடு, கடைசியில் அக்காவின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. இதைப் பாஸ் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று பாஸ் மெக்கானிக் அக்காவைக் கேட்டார்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"விழறதுக்கு மூணு நாள் முன்னாடி எங்கிட்ட வந்து முப்பத்தாறு பல் கேட்டான். பாலத்துல இறங்கும்போது வேகத்துல கட்டுப்படாதுடான்னு சொன்னேன். கெஞ்சினான். கடையில ஆளுங்க முன்னாடி திட்டிட்டேன். அவ்வளவு சாமர்த்தியம்னா நீயே மாட்டிக்கோடான்னு சொன்னேன்." தம்பி மனைவியைக் காட்டினார். "முப்பத்தாறுன்னு நீங்க சொன்னதும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுல பிடிக்க இவளை விட்டா யார் இருக்கா? இவ முறுக்கினதுன்னு வெளிய வந்தா, எந்த முகத்தோட போய் அவன் பக்கத்துல உட்காருவா? அவன் கண்ணு முழிக்கும்போது இவதான் அங்க இருக்கணும்."

அவள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். என்னைப் பொறுத்தவரை ஸ்டேஷனில் அழுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆனால் காட்டிக்கொடுத்தவளும் காட்டிக்கொடுக்கப்பட்டவளும் ஒரே அறையில், ஒரே ஆளுக்காக அழுவதைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தேன்.

இன்ஸ்பெக்டர் சக்கரத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியில் இருந்த காகிதத்தில் கிரீஸ் வட்டம் விழுந்திருந்தது. அதை நாலாகக் கிழித்தார். சொந்த வண்டி, சொந்தக் கை, இதில் யார் மேல் எழுதுவது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வாக்குமூலத்தை மாற்றி எழுத நாளைக்கு வந்தால் போதும், இப்போது ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

*

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். பாஸ் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம்.

பாலம் வந்தது. அவர் விழுந்த இடத்தில் உடைந்த ரத்தக் குப்பிகளின் கண்ணாடித் துண்டுகளை யாரோ கூட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். குறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

முன்னால் தொங்கிய கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். தம்பி மனைவியின் விரல் முட்டியிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அக்கா எதுவும் சொல்லாமல் தன் கைக்குட்டையை எடுத்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிய பிறகும் கையை விடவில்லை.

"அண்ணி," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக. "அவர் எழுந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்லாதே," என்றார் மெக்கானிக் அக்கா. "அவன் எழுந்திரிக்கட்டும். திட்டறதுக்கு நான் இருக்கேன்."